இரவுக் கோப்பையில் எதை ஊற்றுவது: பாலா, மூலிகைத் தேநீரா, வெறும் வெந்நீரா?

அந்தப் பொட்டலத்தின் முகப்பில் ஒரு பிறை நிலவும், சுருண்டு படுத்து உறங்கும் ஒரு பூனையும் இருந்தன. தூக்கத்துக்கு உகந்த மூலிகைத் தேநீர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நம்பி வாங்கினேன். இரவு ஒன்பதரைக்கு ஒரு கோப்பை குடித்துவிட்டுப் படுத்தால், இரண்டு மணிக்கும் கண் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தேன். நான்கு இரவுகள் இப்படியே கழிந்தன. ஐந்தாம் நாள் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். எறும்பு ஊர்வதைப் போன்ற எழுத்தில் உட்பொருள்களின் வரிசை: பச்சைத் தேயிலை, புதினா, அதிமதுரம், கடைசியாகச் சீமைச்சாமந்தி. எடையில் எது அதிகமோ அதைத்தான் இந்த வரிசையில் முதலில் எழுதுவார்கள். ஆக, தூக்கத்துக்காக நான் குடித்துவந்தது பெரும்பாலும் பச்சைத் தேயிலை.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. இரவில் குடிக்கத் தகுந்தவை என்று சொல்லப்படும் அநேகமாக எல்லாவற்றையும் குடித்துப் பார்த்தேன். அவற்றைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியதையும் தேடிப் படித்தேன். எனக்குத் தெளிவானது இதுதான்: 'எது தூக்கம் தரும்' என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாந்துதான் திரும்புவோம். 'என் தூக்கத்தைக் கெடுப்பது எது' என்று முதலில் கேட்க வேண்டும். பசியில் புரள்பவருக்கும், வயிறு உப்பிப் படுத்திருப்பவருக்கும், நாளைய வேலையை நினைத்து நெஞ்சு படபடப்பவருக்கும், மூன்று முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போகிறவருக்கும் ஒரே கோப்பை ஒத்துவராது. ஒருவருக்கு இதமாக இருப்பது இன்னொருவரின் இரவைக் கெடுத்துவிடும்.

முதலில் விலக்க வேண்டியவை

பகல் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத்தான் நமக்குக் கண் சொக்குகிறது. அந்த அடினோசின் போய் அமர வேண்டிய இருக்கைகளில், காபியிலும் தேயிலையிலும் இருக்கும் காஃபின் முந்திக்கொண்டு அமர்ந்துவிடுகிறது. களைப்பு அப்படியே இருக்கும். களைத்திருக்கிறோம் என்ற செய்தி மட்டும் மூளைக்கு எட்டாது. உடலில் புகுந்த காஃபினில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு ஆகலாம்; கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அதற்கும் மேல் நீளும். 2013ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் குறைந்தது. அது நான்கு கோப்பை காபிக்குச் சமம், பெரிய அளவுதான். ஆனால் ஆறு மணி நேரம் என்ற இடைவெளியைக் கவனியுங்கள். 'சாயங்காலம் குடித்ததுதானே' என்று நாம் தள்ளிவிடுகிற நேரம் அது.

240 மில்லி கோப்பைக்குக் கணக்குப் பார்த்தால் காபியில் ஏறக்குறைய 95 மில்லிகிராம் காஃபின் இருக்கும். கறுப்புத் தேநீரில் 45 முதல் 50. பச்சைத் தேநீரில் 30 அளவில். காஃபின் நீக்கிய காபியிலும் 2 முதல் 15 மில்லிகிராம் வரை மிஞ்சியிருக்கும். வெள்ளைத் தேநீர், மாட்ச்சா எல்லாம் ஒரே தேயிலைச் செடியின் பிள்ளைகள்தாம். யெர்பா மாட்டே, குவாரானா என்ற பெயர்களைப் பொட்டலத்தில் பார்த்தால் அவையும் காஃபின் உள்ளவையே. 'மூலிகை' என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். உட்பொருள்களைப் படிக்க அரை நிமிடம் போதும்; நான் அதைச் செய்யாமல் நான்கு இரவுகளை இழந்தேன்.

கோகோவை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். சூடான கோகோவில் காஃபின் கொஞ்சம்தான், 5 முதல் 10 மில்லிகிராம். கூடவே தியோபுரோமின் என்ற அதன் உறவுக்காரப் பொருளும் இருக்கிறது. அது காஃபினைவிட மென்மையானது, ஆனால் உடலில் அதைவிட நீண்ட நேரம் தங்கும். நல்ல கசப்புச் சாக்லேட்டைக் கரைத்துக் குடித்தால் இரண்டும் கூடும். காபியே பாதிக்காதவர்கள் கோகோ குடிக்கலாம். மாலைத் தேநீருக்கே தூக்கம் கெடுகிறவர்கள் அதை மதியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மதுவைப் பற்றி ஒரே வார்த்தை. அது விரைவாகக் கண்ணயர வைக்கும் என்பது உண்மை. ஆனால் இரவின் பிற்பாதியில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும், கனவுத் தூக்கத்தைக் குறைக்கும், குறட்டையையும் மூச்சடைப்பையும் கூட்டும், சிறுநீருக்கும் எழுப்பும். தூக்கத்துக்கான பானங்களின் பட்டியலில் அதற்கு இடமே கிடையாது.

வெதுவெதுப்பான பால்

பாலுக்கு ஆதரவாக எல்லோரும் எடுத்துப் போடும் சீட்டு டிரிப்டோஃபான். அது ஓர் அமினோ அமிலம். உடல் அதிலிருந்து செரடோனினையும், அதிலிருந்து தூக்கத்தோடு தொடர்புடைய மெலடோனினையும் தயாரிக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குத்தான் இடிக்கிறது. ஒரு கோப்பைப் பாலில் உள்ள டிரிப்டோஃபான் ஏறக்குறைய 100 மில்லிகிராம். ஆய்வுகளில் தூக்கத்துக்குப் பலன் தந்த அளவோ ஒரு கிராமும் அதற்கு மேலும். அதாவது பத்துக் கோப்பை. இன்னொன்றும் இருக்கிறது. அதே கோப்பையில் 8 கிராம் புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தின் மற்ற அமினோ அமிலங்களும் மூளைக்குள் நுழைய அதே வாசலில்தான் நின்று முண்டியடிக்கின்றன. கூட்டத்தில் டிரிப்டோஃபான் பின்தங்கிவிடுகிறது. பாலிலேயே இருக்கும் மெலடோனினோ மிகமிகச் சொற்பம்.

அப்படியானால் பால் குடித்தால் தூக்கம் வருகிறது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? நிச்சயமாக இல்லை. எனக்கே வருகிறது. எடின்பரோவில் தூக்கத்தை ஆராய்ந்தவர்கள் 1972ஆம் ஆண்டு, பாலில் கரைத்த மால்ட் (முளைகட்டிய தானிய மாவு) பானத்தைப் படுக்கும் முன் கொடுத்துப் பார்த்தார்கள். வயதில் மூத்தவர்களுக்கு இரவின் பிற்பகுதியில் விழிப்புகள் குறைந்திருந்தன. பங்கேற்றவர்கள் மிகச் சிலரே என்பதை மறக்கக் கூடாது. அதே ஆய்வு வழியில் 1980ஆம் ஆண்டு வந்த முடிவுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: படுக்கும் முன் எதையாவது சாப்பிடும் பழக்கம் உள்ளவர்கள், அப்படி ஒரு பானம் குடித்த இரவுகளில் நன்றாகத் தூங்கினார்கள், அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் எதுவும் குடிக்காத இரவுகளில்தான் நன்றாகத் தூங்கினார்கள். பழக்கத்தை ஒட்டிப் போனவரை இரவு தொந்தரவு செய்யவில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பால் உண்மையில் ஆற்றுவது பசியை. ஒரு கோப்பைக் கொழுப்புள்ள பாலில் ஏறக்குறைய 150 கலோரி இருக்கிறது. இரவு உணவை ஏழு மணிக்கே முடித்துவிட்டுப் பதினொன்றுக்குப் படுக்கிறவருக்கு, அல்லது இரவில் அரை வயிறு சாப்பிடுகிறவருக்கு, அது போதும். வயிறு அமைதியானால் உடல் தளர்கிறது. இதே காரணத்தால், வயிறு நிறைய உண்டு அரை மணி நேரத்தில் படுக்கிறவருக்குப் பால் ஒரு கூடுதல் சுமை.

யாருக்கு ஒத்துவராது என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். பாலின் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் திறன், உலகின் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பின் குறைந்துவிடுகிறது. ஒரு கோப்பைப் பாலில் 12 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. பலருக்கு இந்த அளவு தொந்தரவு தராது. சிலருக்கு ஒரு மணி நேரத்தில் வயிறு கடமுடவென்று உருளத் தொடங்கும். லாக்டோஸ் நீக்கிய பாலும் சோயா பாலும் அவர்களுக்கு நல்ல மாற்று. சோயாவில் புரதம் ஏறக்குறைய பசும்பாலின் அளவுக்கு இருக்கிறது. பாதாம் பானம் பெரும்பாலும் தண்ணீர்தான். பசியை ஆற்ற அதை நம்ப வேண்டாம்.

நெஞ்செரிச்சலுக்குப் பால் மருந்து என்று பலர் நம்புகிறார்கள். குடித்த உடனே இதமாக இருப்பது உண்மை. சற்று நேரத்தில் அதன் புரதமும் கால்சியமும் வயிற்றை மேலும் அமிலம் சுரக்கத் தூண்டும். படுத்த பிறகு அந்த அமிலம் மேலேறினால் இரவு போயிற்று.

மாத்திரைகள் விஷயத்தில் கவனம் வேண்டும். தைராய்டு மாத்திரையைச் சிலர் இரவில் எடுக்கிறார்கள். கால்சியம் அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். இரும்புச்சத்து மாத்திரைக்கும், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் அப்படித்தான். மாத்திரைக்கும் பாலுக்கும் எத்தனை மணி நேர இடைவெளி வேண்டும் என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலில் ஜாதிக்காய் சேர்ப்பவர்கள் ஒரு சிட்டிகையோடு நிறுத்த வேண்டும். ஐந்து கிராமைத் தொட்டாலே குமட்டல், படபடப்பு, மனக்குழப்பம் எல்லாம் வரக்கூடிய பொருள் அது. ஒரு சிட்டிகை மணம் தருகிறது, அது போதும்.

மால்ட் பானங்கள்

முளைகட்டிய பார்லி மாவு, கோதுமை, பால் பொடி. ஹார்லிக்ஸ் இப்படித்தான் தொடங்கியது. ஹார்லிக் சகோதரர்கள் 1873ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொழிலைத் தொடங்கினார்கள். குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் எளிதில் செரிக்கும் சத்துணவாகவே அதை முதலில் விற்றார்கள். 1930களில் பிரிட்டனில் அதை விற்க 'இரவுப் பட்டினி' என்று ஒரு குறையையே விளம்பரக்காரர்கள் உருவாக்கினார்கள்: தூங்கும்போது உடல் பட்டினி கிடக்கிறது, அதனால்தான் காலையில் களைப்பு என்றார்கள். மருத்துவத்தில் அப்படி ஒரு நோய் இல்லை. ஆனால் அந்த விளம்பரம்தான் மால்ட் பானத்தைப் படுக்கையறையோடு சேர்த்து முடிச்சுப் போட்டது. அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

பாலோடு ஒப்பிட்டால் மால்ட் பானத்தில் மாவுச்சத்து அதிகம், பசி நன்றாகவே தணியும். பிரச்சினை சர்க்கரை. தூளின் உறையில் நூறு கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று பாருங்கள். அதன்மேல் நாம் வேறு இரண்டு கரண்டி போடுகிறோம். சாக்லேட் சுவையுள்ளதை எடுத்தால் கோகோவின் கதையும் சேர்ந்துகொள்ளும். மெலிந்தவர்களுக்கும் இரவில் சரியாகச் சாப்பிட முடியாத முதியவர்களுக்கும் நான் இதைச் சொல்வேன். மற்றவர்களுக்கு வெறும் பாலே மேல்.

சீமைச்சாமந்தி

மூலிகைகளில் எனக்கு மனம் நிறைந்தது இதுதான், ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கெமோமில் என்ற அதன் பெயர் 'நிலத்து ஆப்பிள்' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அது ஏன் என்று தெரிய வேண்டுமானால் உலர்ந்த பூவை வெந்நீரில் போட்டு மூடி வையுங்கள். ஏழெட்டு நிமிடம் கழித்து மூடியைத் தூக்கினால், அதன் அடியில் நீர்த்துளிகள் கோத்து நிற்கும். அந்தத் துளிகளை முகர்ந்து பாருங்கள். பழுத்த ஆப்பிளை வைக்கோலில் புதைத்து வைத்ததைப் போன்ற மணம். பூவின் எண்ணெய் ஆவியோடு ஏறி அங்கே தங்கியிருக்கிறது. அந்தத் துளிகளை மறுபடி கோப்பைக்குள் சாய்த்துவிட வேண்டும். மூடாமல் ஊறவைத்தால் நாம் குடிப்பது மஞ்சள் நிற வெந்நீர்தான், நல்ல பாகம் காற்றோடு போய்விடும்.

அளவு: இரண்டு மூன்று கிராம் உலர் பூ, அதாவது குவிந்த ஒரு மேசைக்கரண்டி. அதற்குக் கொதித்து இறக்கிய நீர் 150 மில்லி. கடைப் பைகளில் பெரும்பாலும் ஒரு கிராம், ஒன்றரை கிராம் தூள்தான் இருக்கும். முழுப் பூவாக வாங்கினால் கண்ணாலேயே தரம் தெரியும்: நடுவில் மஞ்சள் குமிழ் உடையாமல் இருக்க வேண்டும், வெள்ளை இதழ்கள் பழுப்பேறியிருக்கக் கூடாது.

பலன் உண்டா? பூவில் உள்ள அபிஜெனின் என்ற பொருள், தூக்க மாத்திரைகளில் ஒரு வகை போய்ப் பற்றும் அதே மூளை ஏற்பிகளை மெலிதாகத் தொடுகிறது என்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த விஷயம். மனிதர்களிடம் கிடைத்த சான்று அவ்வளவு திடமாக இல்லை. 2011ஆம் ஆண்டு நாள்பட்ட தூக்கமின்மை உள்ள 34 பேரிடம் அதன் சாற்றை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தபோது, வெற்று மாத்திரையைவிடத் தூக்கம் குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை. 2016ஆம் ஆண்டு வெளியான ஒரு தைவான் ஆய்வு தேநீராகவே கொடுத்தது. குழந்தை பெற்றுத் தூக்கம் கெட்டிருந்த 80 தாய்மார்களில் ஒரு பாதிப் பேர் இரண்டு வாரம் அதைக் குடித்தார்கள். குடித்த காலத்தில் அவர்களுக்குத் தூக்கத் தொல்லையும் மனச்சோர்வின் அறிகுறிகளும் குறைந்தன. நிறுத்தி இரண்டு வாரம் ஆனதும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது. நோயாகிவிட்ட தூக்கமின்மையை இந்தப் பூ குணப்படுத்தாது. நாளின் பரபரப்பு அடங்காமல் படுக்கப் போகிறவரை ஒரு படி கீழே இறக்கிவிடும். அதில் எவ்வளவு பூவின் வேலை, எவ்வளவு அந்தப் பத்து நிமிடங்களின் வேலை என்று என்னால் பிரிக்க முடியவில்லை. தண்ணீர் கொதிக்கக் காத்திருக்கிறோம், மூடி வைக்கிறோம், கைபேசியை வேறு அறையில் விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் கோப்பையைப் பிடிக்கிறோம். இதையே தினமும் செய்தால் உடல் அதைப் படுக்கையின் முன்னறிவிப்பாகக் கற்றுக்கொள்கிறது.

செவ்வந்தி, சூரியகாந்தி இனப் பூக்களின் மகரந்தம் ஒவ்வாதவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும், ஒரே குடும்பம். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது.

மற்ற மூலிகைகள்

புதினா வயிற்றுக்குத் தோழன், நெஞ்சுக்குப் பகை. உப்புசமும் வாயுவும் தூங்க விடாதவருக்கு இதைவிட நல்ல கோப்பை இல்லை, ஏனென்றால் அதன் மென்தால் குடலின் தசைகளைத் தளர்த்துகிறது. அதே மென்தால் உணவுக்குழாயின் அடியிலுள்ள வால்வையும் தளர்த்திவிடும். எதுக்களிப்பு உள்ளவர் படுக்கும் முன் புதினாத் தேநீர் குடித்தால் அமிலத்துக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். அவர்களுக்கும் உப்புசம் இருந்தால் சோம்பை லேசாக நசுக்கி ஊறவைத்துப் பார்க்கலாம்.

லெமன் பாம் என்ற இலை புதினாக் குடும்பத்தைச் சேர்ந்தது, எலுமிச்சை மணம் கொண்டது. குடிக்க இனிமை. படபடப்பு உள்ளவர்களுக்கு நான் இதைச் சீமைச்சாமந்திக்கு அடுத்த இடத்தில் வைப்பேன். தைராய்டு மருந்து எடுப்பவர்கள் மட்டும் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும்.

பேஷன் மலர் என்ற கொடியின் இலைத் தேநீரை 2011ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் 41 பேரிடம் சோதித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் போலிப் பானமாக வைத்தது பார்ஸ்லி இலைத் தேநீர். ஒரு வாரத்தில், பேஷன் மலரைக் குடித்த நாட்களில் தூக்கம் சற்று நன்றாக இருந்ததாக அவர்கள் குறித்தார்கள். கர்ப்பிணிகள் இதைத் தொட வேண்டாம்.

வலேரியன் வேர்தான் எல்லாவற்றிலும் பெயர் பெற்றது. அதன் நாற்றத்தை எச்சரிக்காமல் விட மாட்டேன்: பல நாள் துவைக்காத காலுறை நாற்றம், ஐசோவலேரிக் அமிலத்தால் வருவது. கோப்பையை வாயருகே கொண்டுபோவதே ஒரு பாடு. இவ்வளவுக்கும் பிறகு சான்று எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் நாள்பட்ட தூக்கமின்மைக்கு வலேரியனைப் பரிந்துரைக்கவில்லை, அதைத் தவிர்க்கவே சொன்னது. தூக்க மாத்திரையோடும் மதுவோடும் அது சேரவும் கூடாது. எனக்கு இதில் நாட்டமில்லை.

அதிமதுரத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. கலவைத் தேநீர்களில் சர்க்கரை சேர்க்காமல் இனிப்பு வருவதற்காக இதைப் போடுகிறார்கள். இதிலுள்ள கிளிசிரைசின் தினமும் உள்ளே போனால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். எப்போதாவது ஒரு கோப்பையால் ஒன்றும் ஆகாது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் ஒவ்வோர் இரவும் குடிக்கும் பானத்தில் இது இருக்கவே கூடாது.

தேநீரின் நிறமும் கனமும் இல்லாமல் முடியாது என்கிறவர்களுக்கு ரூயிபோஸ் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் செடர்பர்க் மலைப்பகுதியில் விளையும் ஒரு புதர். காஃபின் அறவே இல்லை, துவர்ப்பும் குறைவு, பால் ஊற்றியும் குடிக்கலாம். தூக்கம் தரும் என்று நான் சொல்ல வரவில்லை. தூக்கத்தைக் கெடுக்காத தேநீர் என்பதே அதன் சிறப்பு.

புளிப்புச் செர்ரிச் சாற்றில் இயற்கையான மெலடோனின் இருக்கிறது. 2012ஆம் ஆண்டு 20 பேர் ஏழு நாள் அதன் அடர்சாற்றைக் குடித்த ஆய்வில் தூங்கிய நேரம் கூடியது. ஆனால் அது பழச்சாறு, சர்க்கரையும் புளிப்பும் கூடவே வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் அமிலத் தொல்லை உள்ளவர்களுக்கும் இது சரிப்படாது.

கோப்பையின் சூடும் அளவும்

தூங்கத் தொடங்கும்போது உடலின் உள்சூடு இறங்குகிறது. கை கால்களின் இரத்தக் குழாய்கள் விரிந்து வெப்பத்தை வெளியே விடுவதால் அது நடக்கிறது. பாதம் வெதுவெதுப்பாக இருந்தால் சீக்கிரம் தூக்கம் வரும் என்று 1999ஆம் ஆண்டு ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். இளஞ்சூடான பானம் குடித்ததும் கன்னமும் விரல் நுனிகளும் சிவந்து தளர்வதை நாமே உணர்கிறோம். ஒரு கோப்பையின் வெப்பம் வெந்நீர்க் குளியலின் அளவுக்கு வேலை செய்யாது, ஆனாலும் திசை அதுதான். அதனால் வெறும் வெந்நீரையும் நான் இந்தப் பட்டியலில் மதிப்போடு வைக்கிறேன். ஒவ்வாமை இல்லை, மருந்தோடு மோதல் இல்லை, பல்லுக்குக் கேடில்லை.

சூடு என்றால் நாக்கைச் சுடும் சூடு வேண்டாம். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அநேகமாக வழிவகுக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016ஆம் ஆண்டு வகைப்படுத்தியது. ஊறவைத்த பின் ஆறவிட்டு, தயங்காமல் ஒரு மடக்குக் குடிக்க முடிகிற சூட்டில் குடியுங்கள்.

அளவு 150 மில்லி போதும், 200ஐத் தாண்ட வேண்டாம். நேரம், படுப்பதற்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பு. படுக்கையில் உட்கார்ந்து கடைசி மடக்கைக் குடித்து விளக்கை அணைப்பது படத்தில் அழகாக இருக்கும், சிறுநீர்ப்பை ஒத்துக்கொள்ளாது. இனிப்போ பாலோ குடித்தால் அதற்குப் பிறகுதான் பல் துலக்க வேண்டும், ஏனென்றால் தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுகிறது. குழந்தைகளைப் பால் புட்டியோடு தூங்க விடுவது பல்லை அரித்துவிடும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் தரவே கூடாது, பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயின் ஆபத்து உண்டு.

நான் யாருக்கு எதைச் சொல்வேன்

இரவில் பசிக்கிறவர் பால் குடிக்கட்டும், சர்க்கரை இல்லாமல் அல்லது மிகக் குறைவாக. பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு லாக்டோஸ் நீக்கிய பால் அல்லது சோயா. மனம் அடங்காதவருக்குச் சீமைச்சாமந்தி, அது பிடிக்காவிட்டால் லெமன் பாம். வயிறு உப்பினால் புதினா, நெஞ்சு எரிந்தால் புதினாவும் பாலும் வேண்டாம், நீர்த்த சீமைச்சாமந்தியோ வெந்நீரோ கொஞ்சம். நான்கைந்து மருந்துகள் எடுக்கும் முதியவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது வெந்நீர். கலவைப் பொட்டலங்களைவிடத் தனி மூலிகையே எப்போதும் மேல்; எது ஒத்துவந்தது, எது ஒத்துவரவில்லை என்று அப்போதுதான் தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் குறைந்தது பத்து இரவுகள் அதையே குடித்துப் பாருங்கள், நாளுக்கு ஒன்றாக மாற்றினால் எதுவும் புலப்படாது.

வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதமாகத் தொடர்ந்தால் எந்தக் கோப்பையும் போதாது. அதற்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016ஆம் ஆண்டு பரிந்துரைத்தது, தூக்கத்தைப் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் நடத்தைச் சிகிச்சையை. மருத்துவரிடம் அதைக் கேட்டுப் பெறுங்கள்.

என் அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. பல வருடங்களாக இரவு பத்து மணிக்கு ஒரு பெரிய டம்ளர் பால், மேலே ஆடை மிதக்க. 'இது இல்லாமல் எனக்குத் தூக்கம் வராதப்பா' என்பார். ஆனால் பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று சிறுநீருக்கு எழுந்துகொண்டிருந்தார். இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பயமாக இருக்கும். மருத்துவரிடம் காட்டிச் சர்க்கரையும் மற்றவையும் சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்ட பின் அவரோடு பேசினேன். பாலை நிறுத்தச் சொல்லவில்லை. அதே பால், பாதி டம்ளர், எட்டு மணிக்கு என்று மாற்றிக்கொள்ளச் சொன்னேன். முதல் வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பத்து மணிக்கு அவர் கையில் இருப்பது ஒரு சின்னக் கிண்ணம் வெந்நீர், நான்கு மடக்கு. இரவில் ஒரு முறைதான் எழுகிறார், சில இரவுகளில் அதுவும் இல்லை.